அசிரத்தையின் விலை

2015 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, கூகுளை ஆரம்பித்த இருவரில் ஒருவரான லாரி பேஜ் ஒரு கடிதம் வெளியிட்டார். இனித் தங்கள் கம்பெனிகளுக்கெல்லாம் மேலே ஆல்ஃபபெட் என்று ஒரு தாய் ஸ்தாபனம் இருக்கும், கூகுள் அதன் கீழ் ஒன்றாக இருக்கும் என்பது சாரம். பெயருக்கு அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். ஆல்ஃபபெட் என்பது எழுத்துக்களின் தொகுதி, மொழியைக் குறிப்பது, மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்று. இரண்டாவது காரணம் சிலேடை. ஷேர் மார்க்கெட் பாஷையில் 'ஆல்ஃபா' என்றால் சராசரிக்கு மேல் கிடைக்கும் லாபம். 'பெட்' என்றால் பந்தயம். நெடுங்கணக்கும் சூதாட்டமும் ஒரே சொல்லில். நம் மேடைக் கவிஞர்களுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வந்ததில்லை.

அந்தப் பெயரில் இணைய முகவரி ஏற்கனவே ஒரு ஜெர்மன் கார் கம்பெனியிடம் இருந்தது என்பது வேறு கதை. முதல் மூன்று எழுத்தையும் கடைசி மூன்று எழுத்தையும் சேர்த்து, 'ஏபிசி.எக்ஸ்ஒய்இசட்' என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பெயர் அன்றிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. செல்லப்பாவும்தான் தன் பத்திரிகைக்கு 'எழுத்து' என்று பெயர் வைத்தார். அதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. பொதுவில் கிடக்கும் ஒன்றிலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்கிறேன் என்ற பாவம்தான் அதில் இருந்தது. அகரத்துக்குப் பட்டா கிடையாது. யாரும் எடுக்கலாம், எடுப்பதால் குறைவதில்லை, எடுத்தவன் மற்றவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஒன்றின் பெயரை, உலகத்தின் தேடலில் பத்தில் ஒன்பது பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு ஸ்தாபனம் சூட்டிக்கொள்ளும்போது அதை வெறும் விளம்பரச் சாமர்த்தியம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தன்னைப் பற்றிய ஒரு அபிப்பிராயம் அதில் இருக்கிறது. அந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் உண்மையாகிவிட்டது என்பதுதான் சங்கடம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். நம் இலக்கணக்காரர்கள் எழுத்தை முதலெழுத்து, சார்பெழுத்து என்று பிரித்தார்கள். ஆல்ஃபபெட்டின் இலக்கணத்தில் முதலெழுத்து ஒன்றே ஒன்று: ஜி. மற்றவை எல்லாம் சார்பு. மனித ஆயுளை ஆராயும் காலிகோ, வீட்டின் சூடு குளிரைக் கவனிக்கும் நெஸ்ட், ஆகாயத்தில் பலூன் விட்டு இணையம் கொடுக்க முயன்ற லூன் எல்லாவற்றையும் சேர்த்து 'மற்ற பந்தயங்கள்' என்று ஒரு தலைப்பில் கணக்குக் காட்டினார்கள். 2015-இல் ஆல்ஃபபெட்டின் மொத்த வருமானம் சுமார் 7,500 கோடி டாலர். மற்ற பந்தயங்களின் பங்கு 45 கோடிகூட இல்லை. நஷ்டம் 350 கோடிக்கு மேல். கூகுள் சம்பாதித்தது, மற்றவர்கள் செலவழித்தார்கள். பிறகு எழுத்துக்கள் ஒவ்வொன்றாக ஜி-யிடமே திரும்பத் தொடங்கின. நெஸ்ட் 2018-இல் கூகுளுக்குள் போயிற்று. லூன் 2021-இல் மூடப்பட்டது. டீப்மைண்ட் 2023-இல் கூகுளின் இன்னொரு ஆராய்ச்சிப் பிரிவோடு கலந்தது. ஓட்டுநர் இல்லாக் கார் விடும் வேமோவைப் போலச் சிலதான் தனியாக நிற்கின்றன. இதற்கு நடுவில் 2017-இல் ஆல்ஃபபெட்டுக்கும் கூகுளுக்கும் இடையே இன்னொரு கம்பெனி முளைத்தது. அதன் பெயர் ரோமன் எண்ணில் இருபத்தாறு. ஆங்கில எழுத்துக்களின் எண்ணிக்கை. அதிலும் ஒரு சிலேடை.

வழக்குகளிலிருந்து தப்பிக்கத்தான் இப்படிப் பிரித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஷேர் வைத்திருந்தவர்களுக்கு இந்த மாற்றத்தால் நன்மையே. பந்தயங்களில் மொத்தமாக எவ்வளவு கரைகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. என் கேள்வி வேறு. இந்தத் தெளிவு ஷேர் வைத்திருப்பவனுக்கு மட்டும் ஏன்? கூகுளில் தேடுகிறவன் அன்று காலையும் அதே பெட்டியில்தான் தேடினான். அவனைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. தலைக்கு மேலே கூரை பிரித்துக் கட்டப்பட்டிருக்கிறது, கீழே குடியிருப்பவனுக்கு ஒரு ஓடு விழும் சப்தம்கூடக் கேட்கவில்லை.

அன்றைய தினம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இந்தச் செய்தியில் ஒன்றே ஒன்றுதான் பட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைக்கு வந்துவிட்டார். நம்ம ஆள். சந்தோஷப்பட்டதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் பட்டேன். ஆனால் ஒரு மனிதனின் முகம் கிடைத்த உடனே அமைப்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். இது நம் பழைய வியாதி. சினிமாவிலும் அரசியலிலும் இருப்பது போதாதென்று கம்பெனிச் சட்டத்திலும்.

2019 டிசம்பரில் பேஜும் செர்கே பிரின்னும் ஆல்ஃபபெட்டின் பதவிகளிலிருந்து இறங்கினார்கள். பிச்சை இரண்டுக்கும் தலைவரானார். இனித் தாங்கள் பெருமைப்படும் பெற்றோர் போல, அன்பும் ஆலோசனையும் கொடுத்துக்கொண்டு, தினசரி நச்சரிப்பு இல்லாமல் இருப்போம் என்று இருவரும் எழுதினார்கள். அழகான வாசகம்தான். ஷேர் கணக்கையும் கூடப் பார்க்க வேண்டும். ஆல்ஃபபெட்டில் ஒரு வகை ஷேருக்கு ஒரு ஓட்டு, இன்னொரு வகைக்குப் பத்து ஓட்டு, 2014-இல் உண்டாக்கிய மூன்றாம் வகைக்கு ஓட்டே கிடையாது. பத்து ஓட்டு வகையின் பெரும்பகுதி இந்த இருவரிடம். பதவியை விட்ட பிறகும் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் அவர்களுடையது. பெரியவர் பெட்டிச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறார், பத்திரம் மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இந்தக் குடும்பக் கதை நமக்குப் புதிதில்லை. கடன்காரன் வந்தால் மகன் பதில் சொல்வான். வீட்டை விற்கலாமா கூடாதா என்பது பெரியவர் கையெழுத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டிகளின் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னவர் பிச்சை. அதிகாரம் ஒரு இடத்திலும் பதில் சொல்லும் கடமை இன்னொரு இடத்திலுமாக இருப்பதைத் தார்மீக ரீதியில் என்னவென்று சொல்வது? இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் அச்சில் பகிரங்கமாக இருக்கிறது. இருந்தும், கேட்கப்படுகிறவன் முடிவெடுப்பவன் அல்ல, முடிவெடுப்பவன் கேட்கப்படுவதில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கூகுளின் பழைய நடத்தை விதிகளில் பிரசித்தமான வாக்கியம் 'தீயது செய்யாதே' என்பது. 2015 அக்டோபரில் ஆல்ஃபபெட்டுக்கு எழுதிய விதிகளில் அந்த இடத்தில் 'சரியானதைச் செய்' என்று வந்தது. கூகுளின் விதிகளில் பழைய வாக்கியம் நீடித்தது. 2018-இல் முகப்பிலிருந்து எடுக்கப்பட்டு, கடைசி வரியில் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. கள்ளாமை, கொல்லாமை, இன்னா செய்யாமை என்று வள்ளுவர் அதிகாரங்களுக்கு எதிர்மறையில் பெயர் வைத்ததில் ஒரு கறார் இருக்கிறது. விலக்கியதைச் செய்தாயா இல்லையா என்று யாரும் கேட்கலாம், பதில் ஆம் அல்லது இல்லை. 'சரியானதைச் செய்' என்பதற்கு அப்படிப் பரீட்சை கிடையாது. எது சரி என்பதையும் செய்கிறவனே தீர்மானித்துக்கொள்வான்.

இனி ஆதிக்கத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஒரு ஏகபோகம் என்றும் அந்த ஏகபோகத்தைக் காத்துக்கொள்ளச் சட்டத்தை மீறியது என்றும் தீர்ப்பளித்தார். அமெரிக்காவின் பொதுத் தேடலில் 2020-இல் அதன் பங்கு 89.2 சதவிகிதம், கைபேசிகளில் 94.9. இந்த எண்களைவிட என்னை அதிகம் நிறுத்தியது இன்னொரு எண். போன் செய்பவர்களுக்கும், பிரவுசர் செய்பவர்களுக்கும், டெலிபோன் கம்பெனிகளுக்கும், தன்னையே முதல் தேடலாக வைத்திருப்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர்.

எதற்காக இவ்வளவு பணம்? போனை வாங்கும்போதே அதில் எது குந்தியிருக்கிறதோ அதற்கு டீஃபால்ட் என்று பெயர். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், நாலு தடவை விரலால் தொட்டால் போதும். யாரும் மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு. கடன் கட்டத் தவறினால் டீஃபால்ட். கோர்ட்டுக்கு வராமலிருந்தால், வராததாலேயே எதிராகும் தீர்ப்புக்கும் அதே பெயர். நான் ஒன்றும் செய்யாமல் இருப்பது நான் செய்ததாக ஆகிவிடுகிறது.

நண்பர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "ஊரில் நல்ல ஹோட்டல் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அங்கேயே சாப்பிடுகிறார்கள். இதில் என்ன ஐயா குற்றம்? உமக்குப் பெரிதாக இருப்பது எதுவுமே பிடிக்காது. ஐந்நூறு பிரதிக்கு மேல் விற்றால் கவிதையே கெட்டுவிட்டது என்கிற ஆள் நீர்."

கடைசி வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. ஹோட்டல் உதாரணம்தான் தப்பு. ராத்திரி பஸ்ஸில் மெட்ராஸிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் தெரியும். நடுநிசியில் எங்கேயோ ஒரு பொட்டல் வெளியில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், பெரிதாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கடை. பஸ் அங்கேதான் நிற்கும். பிரயாணியின் கையை யாரும் பிடித்து இழுப்பதில்லை. பசியோடு உட்கார்ந்திருக்கலாம், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கலாம், இறங்கி இருட்டில் நடந்து வேறு கடை தேடவும் சுதந்திரம் உண்டு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி மேஜை, சாப்பாட்டுக்குக் காசில்லை. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அங்கே விலை போவது பரோட்டா மட்டும் அல்ல, நாற்பது பேருடைய பசியும்தான். பசி பிரயாணிகளுடையது, விற்பவர் டிரைவர், வாங்குபவர் கடைக்காரர்.

கூகுளின் 2,630 கோடியும் இந்தத் தனி மேஜைதான். வித்தியாசம் ஒன்று உண்டு, அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. பொட்டல் வெளிக் கடையில் சாப்பாடு மோசம். முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுகிறோம், அடுத்த தடவை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். முணுமுணுப்பில் நம் பிரக்ஞை உயிரோடு இருக்கிறது. இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. கூகுளின் தேடல் தரமானது என்பதை நீதிபதியே ஒப்புக்கொள்கிறார். காசும் கேட்பதில்லை. எனவே முணுமுணுப்பு இல்லை. தரமாக இருப்பவனுக்கு டிரைவரை ஏன் கவனிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் என் உரிமை, என் அசிரத்தை என் சொந்த விவகாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மார்க்கெட்டில் விலை இருக்கிறது என்றும், அந்த விலையை என்னிடம் கேட்காமல் வேறு இருவர் பேசி முடித்து வருஷாவருஷம் பட்டுவாடா செய்துகொள்கிறார்கள் என்றும் தெரியவரும்போது அது என் சொந்த விவகாரமாக எப்படி இருக்கும்? எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பார்கள். உண்மை, சட்டைப்பையில் நஷ்டமில்லை. வேறு ஒன்றைக் கேட்டிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்கிட வழியே இல்லாததால் நஷ்டம் தெரியவில்லை. நிர்ப்பந்தத்தில் அடிமைப்பட்டவனுக்குத் தன் இழப்பு இன்னதென்று தெரியும். சௌகரியத்தில் அமர்ந்துவிட்டவனுக்கு இழந்தது எது என்று சொல்லத் தெரியாது. எதிராளி இல்லாத இடத்தில் எதிர்ப்புக்கு இலக்கணம் நம்மிடம் இல்லை. சிறுபத்திரிகைக்காரர்கள் இவ்வளவு காலம் சந்தையை எதிர்த்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். நாம் எதிர்த்தது மலிவை. லட்சக்கணக்கில் விற்ற வாரப் பத்திரிகைகளின் தொடர்கதையை, ஜிகினாவை. அவை மோசமாக இருந்ததால் நமக்குச் சுலபமாக இருந்தது. நல்ல சரக்கோடு வரும் ஏகபோகத்தின் முன்னால் ரசனையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தமிழ் விஷயத்தில் இது இன்னும் கூச்சம் தருகிறது. இந்தக் கட்டுரையை நான் தட்டுவது அவர்களுடைய கீபோர்டில். திரையில் தெரியும் எழுத்துரு அவர்கள் இலவசமாகக் கொடுத்த நோட்டோ. மொழிபெயர்ப்பில் தமிழை 2011-இல் சேர்த்தார்கள். அரசாங்கங்களும் சர்வகலாசாலைகளும் மாநாடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், போனில் வாயால் சொன்னால் தமிழில் எழுதிக்கொள்ளும் வசதியைச் செய்து கொடுத்தார்கள். நன்றி சொல்லாமலிருந்தால் அது நேர்மையில்லை. நன்றியோடேயே இதையும் கேட்க வேண்டியிருக்கிறது: அகரத்துக்குப் பட்டா கிடையாது என்று மேலே எழுதினேனே, அதை எழுதிய எழுத்து யாருடையது?

சட்டம் தன்னால் ஆனதைச் செய்கிறது, அதன் வேகத்தில். ஐரோப்பிய கமிஷன் 2017-இல் விதித்த 242 கோடி யூரோ அபராதம் 2024-இல்தான் கடைசிக் கோர்ட்டில் நிலைத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. 2024-இல் ஆல்ஃபபெட்டின் வருமானம் சுமார் 35,000 கோடி டாலர் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இவை அபராதமா வாடகையா என்று சந்தேகம் வரும். 2025 செப்டம்பரில் மேத்தா பரிகாரத்தை அறிவித்தபோது, குரோம் பிரவுசரை விற்கச் சொல்ல மறுத்தார். வேறு யாரையும் உள்ளே விடாதே என்ற ஒப்பந்தம் கூடாது, தேடல் தகவல்களில் சிலவற்றைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் இடத்துக்காகப் பணம் கொடுப்பது தொடரலாம். தனி மேஜை இருக்கலாம், மற்றக் கடைகளுக்கும் மேஜை போட அனுமதி உண்டு என்கிற மாதிரி. உடைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு. 1911-இல் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தார்கள். ராக்பெல்லருக்கு எல்லாவற்றிலும் ஷேர் இருந்தது. துண்டுகளின் விலை ஏற ஏற அவர் முன்னைவிடப் பணக்காரரானார். பிரிவதால் பலவீனமாகிவிடுவான் என்பது ஏழைக் குடும்பங்களைப் பார்த்து வந்த அபிப்பிராயம். 2015-இல் தன்னைத் தானே எழுத்து எழுத்தாகப் பிரித்துக்கொண்டவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பழைய கவிதை ஒன்றின் வரி ஞாபகத்தில் அரைகுறையாக வந்து நின்றால், நாகர்கோவிலில் ஒருவருக்குக் கார்டு போடுவேன். எந்த இதழ், எந்த மாசம், எந்தப் பக்கம் என்று பதில் வரும். பதில் மட்டும் வராது. அந்தக் கவிதை அவருக்கு ஏன் பிடிக்கவில்லை, அதே இதழில் இருந்த வேறு ஒன்றை நான் ஏன் கவனிக்கவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கும் வரியே தப்பு, இப்படிக் கார்டின் விளிம்பு வரை நெருக்கி எழுதியிருப்பார். பல தடவை கோபம் வந்திருக்கிறது. கேட்டது ஒன்று, வந்தது நான்கு.

இப்போது வரியைப் பெட்டியில் தட்டுகிறேன். கேட்டது உடனே வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன் இப்படி ஒரு கவிதையைத் தேடினேன், முதல் விடையிலேயே முழுதாகக் கிடைத்தது, அதை வைத்து ஒரு கூட்டத்தில் பேசினேன். பேசி முடித்த பிறகு ஒரு பையன் எழுந்து, கவிஞர் பிற்பாடு தொகுப்பில் கடைசி ஆறு வரியை எடுத்துவிட்டாரே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தொகுப்பு என் அலமாரியிலேயே இருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை, கேட்டதைக் கொடுத்தது. எழுந்து நாலடி நடக்காதது நான்.

நாகர்கோவில்காரருக்கு இப்போது எண்பதுக்கு மேல். போன மாதம் அவருக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒன்றும் குறிப்பாக இல்லை, அந்த ஆறு வரியைப் பற்றித்தான் எழுதினேன். விலாசம் எழுதும்போது பின்கோடு மறந்துவிட்டது. பழைய கார்டுகள் பரண் மேல் எந்தப் பெட்டியிலோ இருக்கின்றன. போனை எடுத்துத் தட்டினேன். முதலில் வந்ததைப் பார்த்து எழுதினேன்.